பட்டறை கேள்வி-பதில்: உறுமும் மோட்டார், விலகும் எழுத்து

கேள்வி: மரம் செதுக்குவதற்கான சிறிய சிஎன்சி (கணினி வழி இயங்கும்) எந்திரம் ஒன்றை வீட்டிலேயே அமைத்து வருகிறேன். ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு நிரலை ஏற்றி, மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் மூன்று டிஎம்542 டிரைவர்களையும் மூன்று நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்களையும் 36 வோல்ட் பவர் சப்ளையில் இணைத்திருக்கிறேன். எக்ஸ், இசட் அச்சுகள் நன்றாக ஓடுகின்றன. பிறகு தனியாக வாங்கிய ஒய் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே அதிர்கிறது. ஒயர்களை நிறம் பார்த்து மற்ற இரண்டைப் போலவே மாட்டினேன். டிரைவரை மாற்றியும் பயனில்லை. மோட்டார் பழுதாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. "தனியாக வாங்கிய", "நிறம் பார்த்து" என்ற இரண்டு சொற்களிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. சிறு சிறு அடிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரின் ஒயர் நிறங்களுக்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்றுக்கொண்ட பொது விதி கிடையாது. ஒரு மோட்டாரில் கறுப்பும் பச்சையும் ஒரு சுருளின் இரு முனைகளாக இருக்கும். வேறொன்றில் சிவப்பும் பச்சையும் ஒரு சுருளாகவும், மஞ்சளும் நீலமும் மற்றொரு சுருளாகவும் இருக்கும். சுருளுக்கு ஒரு முனை வீதம் டிரைவரின் ஏ பக்கத்தில் மாட்டிவிட்டால், அங்கிருந்து புறப்படும் மின்னோட்டத்துக்கு அதே பக்கத்துக்குத் திரும்ப வழி இல்லாமல், பி பக்கத்தின் வழியாகத் தடுமாறிச் செல்கிறது. மோட்டார் உறுமுவதும் அதிர்வதும் அதனால்தான்.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, டிரைவரின் பச்சை விளக்கு முற்றிலும் அணையும் வரை பொறுத்திருங்கள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால், சுருளில் தேங்கிய ஆற்றல் மின்னழுத்தமாக எகிறி டிரைவரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். நல்ல டிரைவர்கள் பல இப்படித்தான் சோதனையின்போதே உயிர்விடுகின்றன. பிறகு நான்கு ஒயர்களையும் டிரைவரிலிருந்து விடுவித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். ஒரே சுருளின் முனைகளானால் ஓர் ஓம், இரண்டு ஓம் போன்ற சிறிய எண் தெரியும். வெவ்வேறு சுருள்களானால் ஒன்றும் தெரியாது. மீட்டர் கையில் இல்லையென்றால், ஏதாவது இரண்டு ஒயர்களின் செம்பை ஒன்றாக முறுக்கிவிட்டு மோட்டார் அச்சை விரலால் திருப்புங்கள். சுருள் சரியாக அமைந்த கணத்தில் அச்சு கட்டை போட்டதுபோல் இறுகுவதை விரல் நுனியே சொல்லிவிடும். கண்டுபிடித்த இரட்டைகளில் ஒன்றை ஏ பிளஸ், ஏ மைனஸிலும், மற்றொன்றை பி பிளஸ், பி மைனஸிலும் மாட்டுங்கள். பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலுமே தவிர வேறு கெடுதல் இல்லை.

இரு சுருள்களுக்கும் மீட்டர் காட்டும் எண் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டாரின் உலோக உடலுக்கும் எந்த ஒயருக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அளக்கும்போது கேபிளை மெல்ல வளைத்துக்கொண்டே இருங்கள். எண் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். டெர்மினலையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒருநாள் மாலை முழுவதையும் நான் இதேபோன்ற உறுமலில் தொலைத்துவிட்டு, கடைசியில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோது, அது செம்பைக் கடிக்காமல் ஒயரின் பிளாஸ்டிக் உறையைக் கடித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தால் ஒயர் அசையாமல் உறுதியாகவே இருந்தது! இன்னொன்று: முனைக்கு ஈயம் பூசி டெர்மினலில் முறுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி இடம் கொடுப்பதால், சில வாரங்களில் பிடி தளர்ந்துவிடும். ஈயம் பூசாத முனையில் ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாயைப் போட்டு நசுக்கி மாட்டுவதே நல்லது.

கேள்வி: அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை செதுக்குகிறேன். முதல் எழுத்துகள் சரியாக விழுகின்றன. வேலை முடிந்து கருவி தொடக்கப் புள்ளிக்குத் திரும்பும்போது ஒய் அச்சில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. எக்ஸ் அச்சிலும் சிறிது விலகல் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத்தான் விலகுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் மாற்றமில்லை. டிரைவர் டிஎம்542. பல்ஸ் மைனஸ், டைரக்ஷன் மைனஸ் இரண்டையும் கிரவுண்டில் சேர்த்திருக்கிறேன்.

பதில்: வேகத்தைக் குறைத்துப் பார்த்தது மிகப் பயனுள்ள சோதனை. மோட்டாருக்கு வலு போதாமல் அடிகள் தவறியிருந்தால், மெதுவாக ஓட்டும்போது விலகல் குறைந்திருக்கும். அது குறையவில்லை என்பதால், மோட்டாரையும் திருகுத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ வழுக்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு (கப்ளிங்குக்கும் மோட்டார் அச்சுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டால் போதும்) கவனத்தை சிக்னல் பக்கம் திருப்பலாம்.

டிஎம்542 டிரைவருக்குத் திசை மாறும் செய்தி, அடி எடுக்கச் சொல்லும் பல்ஸுக்குக் குறைந்தது 5 மைக்ரோ விநாடி முன்னதாக வந்து சேர வேண்டும். ஜிஆர்பிஎல் இயல்பு அமைப்பில் இரண்டையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அனுப்புகிறது. போதாததற்கு, டிரைவரின் நுழைவாயிலில், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் ஒளிர்வதற்கும் அணைவதற்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரு பக்கத் திருப்பம் சரியாக நடக்க, மறுபக்கத் திருப்பத்தில் முதல் அடி மட்டும் பழைய திசையிலேயே விழுந்துவிடுகிறது. இரு பக்கமும் தவறியிருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் தவறுவதால் பிழை சேர்ந்துகொண்டே போகிறது.

கணக்குப் போட்டால் நம்புவீர்கள். சுற்றுக்கு 1600 மைக்ரோஸ்டெப் (நுண் அடிகள்), சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் முன்னேறும் பால் ஸ்க்ரூ என்ற திருகுத் தண்டு என்று கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 அடிகள். முன்னால் வைக்க வேண்டிய அடியைப் பின்னால் வைத்தால் இழப்பு இரண்டு அடி. இப்படி 200 முறை நடந்தால் 400 அடி, அதாவது 1.25 மில்லிமீட்டர். எழுத்து செதுக்கும் வேலையில் 200 திருப்பங்கள் என்பது சாதாரணம். ஒய் அச்சை ஒரு மில்லிமீட்டர் முன்னும் பின்னுமாக 200 முறை ஓட்டும் சிறு நிரலை எழுதி, நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் இண்டிகேட்டர் வைத்து விலகலை அளந்து பாருங்கள். இதையொட்டிய எண் கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது.

உங்கள் இணைப்பு முறைக்குத் தீர்வு எளிது. ஜிஆர்பிஎல்லில் $2=7 என்று கொடுத்தால் மூன்று அச்சுகளின் பல்ஸும் தலைகீழாகும். அப்போது டிரைவர் பல்ஸின் தொடக்கத்தில் அடி எடுக்காமல் அதன் முடிவில் எடுக்கும். பல்ஸின் நீளம் இயல்பாக 10 மைக்ரோ விநாடி என்பதால் ($0 என்ற அமைப்பைப் பாருங்கள்), திசைச் செய்திக்கு வேண்டிய அவகாசம் தானாகக் கிடைத்துவிடும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டைப் பிளஸ் முனைகளுக்குப் பொதுவாகக் கொடுத்து, பல்ஸ் அனுப்பும் 2, 3, 4 எண் பின்களை மைனஸ் முனைகளில் மாட்டியிருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. அந்த இணைப்பில் இயல்பு அமைப்பிலேயே அடி முடிவில்தான் விழுகிறது.

கேள்வி: ஆர்டுயினோ மேல் செருகும் சிஎன்சி ஷீல்டில் ஏ4988 டிரைவர் பலகைகள் வைத்திருக்கிறேன். மின்னோட்ட எல்லையை அமைக்கும் சிறு ஸ்க்ரூவை, நண்பர் சொன்ன மின்னழுத்தத்துக்கே திருப்பி வைத்தேன். அவருடைய டிரைவர் சூடாகவில்லை. என்னுடையது சிறிது நேரத்தில் நின்று நின்று ஓடுகிறது.

பதில்: இருவருடைய பலகைகளிலும் சிப்புக்கு அருகே இருக்கும் இரண்டு சிறிய கறுப்பு ரெசிஸ்டர்களின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். R100 என்றால் 0.1 ஓம், R050 என்றால் 0.05 ஓம். மின்னோட்டம் என்பது அந்த மின்னழுத்தத்தை ரெசிஸ்டரின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. எடுத்துக்காட்டாக, 0.96 வோல்ட் முதல் வகைப் பலகையில் 1.2 ஆம்பியரையும், இரண்டாவதில் 2.4 ஆம்பியரையும் குறிக்கும். இரண்டாவது அளவு அந்தச் சிப்பின் உச்ச எல்லையான 2 ஆம்பியரையே தாண்டிவிட்டது. சூடு மிகும்போது சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, ஆறியதும் மீண்டும் ஓடும். நீங்கள் காண்பது அதைத்தான். ஸ்க்ரூவைத் திருப்ப பீங்கான் நுனியுள்ள திருப்புளி நல்லது. இரும்பு நுனி பக்கத்துப் பின்னை ஒருமுறை தொட்டால் போதும், பலகை போய்விடும்.

கேள்வி: 24 வோல்ட் சிக்னல் தரும் கன்ட்ரோலரை டிஎம்542-இல் நேரடியாக மாட்டலாமா?

பதில்: 5 வோல்ட்டுக்கென அமைந்த நுழைவாயிலானால் கூடாது. ஒவ்வொரு சிக்னல் ஒயரிலும் 2 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து மாட்டுங்கள். 12 வோல்ட்டாக இருந்தால் 1 கிலோ ஓம். சில புதிய பதிப்புகளில் 5, 24 வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உடலிலேயே இருக்கும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.