டிரஸ்ட் வேலையை மட்டும் பார்த்து ஒரு வக்கீல் பிழைக்க முடியுமா?

மதுரையில் நான்கு வருடமாக சிவில் சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கும் வாசகி கேட்கிறார்: அறக்கட்டளைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்வதையே தொழிலாக வைத்துக்கொள்ள ஆசை, வருமானம் வருமா? எல்லாவற்றையும் ஆடிட்டர்களே பார்த்துவிடுகிறார்களே?

வரும், ஆனால் மெதுவாக. முதல் இரண்டு மூன்று வருடம் சிவில் கேஸ்களை விட்டுவிடாதீர்கள். ஃபீஸ் பேச்செடுத்தால் "நாங்களே சேவைதானே செய்கிறோம்" என்பார்கள். கூச்சப்படாமல் முதல் சந்திப்பிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

ஆடிட்டர்களோடு மோத வேண்டாம். 12ஏ, 80ஜி என்று பழகிப்போன வருமான வரிச் சலுகை விண்ணப்பமும் கணக்கும் அவர்களுக்குக் கைவந்த வேலை. நம் வேலை அதற்கு முன்னால், டிரஸ்ட்டை ஏற்படுத்தும் பத்திரத்திலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏற்படுத்திய டிரஸ்ட் என்னிடம் வந்தது. பத்திரம் எழுதியவர் வேறு யாருக்கோ எழுதியதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார், அதில் ஒரு அறங்காவலர் இறந்தால் அடுத்தவரை யார் நியமிப்பது என்று ஒரு வரி கிடையாது. மூன்று பேரில் இருவர் காலமாகி மூன்றாமவர் படுக்கையில் விழுந்ததும், பேங்க்கில் பணம் கிடக்க, செக்கில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை நின்றுபோனது. கடைசியில் பொது அறக்கட்டளை வழக்குகளுக்கான சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில், அக்கறையுள்ள இரண்டு பேரை முன்னிறுத்தி, கோர்ட் அனுமதி வாங்கி வழக்குப் போட்டோம். அந்த ஒரு வரி இல்லாததற்கு மூன்று வருடம்.

நம்மவர்களே பலர் எதற்கெடுத்தாலும் 1882-ஆம் வருட இந்திய அறக்கட்டளைச் சட்டத்தைப் புரட்டுவார்கள். அது குறிப்பிட்ட சிலருக்காக வைக்கும் தனியார் டிரஸ்ட்டுக்கானது, பொதுமக்களுக்கென வைக்கும் பொது அறக்கட்டளையை அது ஆளாது. ஆகவே எங்கே சிக்கினாலும் முதலில் பத்திரம் என்ன சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். டிரஸ்ட்டாக இல்லாமல் சங்கமாகப் பதிந்த அமைப்பு என்றால் 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைந்தது ஏழு பேர், மாவட்டப் பதிவாளரிடம் வருடா வருடம் தாக்கல். தேர்தல் தகராறுகள் அங்கேதான் நிறைய.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிற கிளையண்ட் வந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏவைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வரும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய அமைப்பிடமிருந்து பங்கு வாங்கிக் கிராமத்தில் வேலை செய்துகொண்டிருந்த சின்னச் சின்ன அமைப்புகளுக்கு இந்தக் கடைசி விதிதான் இடி. "பங்கு என்று கொடுக்காமல் கன்சல்டன்சி பில் போட்டு அனுப்பிவிடலாமா சார்?" என்று கேட்பார்கள். செய்யாத வேலைக்கு பில் போட முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிய வேண்டும், அதற்காக ஒரு கிளையண்ட் போனாலும் சரி.

அப்புறம், எங்கே தொடங்குவது? சீனியரின் அலமாரியில் பழைய 92-ஆம் பிரிவு வழக்குக் கட்டு ஒன்றாவது தூசி படிந்து கிடக்கும். கேட்டு வாங்குங்கள், பிராதை விட்டுவிட்டு அதோடு இணைத்திருக்கும் டிரஸ்ட் பத்திரத்தை முதலில் படியுங்கள்.