பார்க்கிங் மாடியில் கம்பி தெரிகிறதா? கேளுங்கள்

பழைய கான்கிரீட் பார்க்கிங் கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.

கே: சார், எங்கள் ஐந்து மாடி பார்க்கிங்கில் ஸ்லாப் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. (பெசன்ட் நகர்)

ப: வேண்டாம். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளேயிருந்து நெம்பித்தான் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. புதுப் பூச்சையும் தள்ளிவிடும். முதலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் உள்ளே பிளந்திருக்கிறது. அங்கே முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைகிற அளவுக்கு, 20-25 மி.மீ., கொத்தியெடுங்கள். கம்பியைத் துரு போகத் தேய்த்த பிறகுதான் பாலிமர் மார்ட்டர் (பாலிமர் சேர்த்த சிமென்ட்-மணல் கலவை) பூச வேண்டும்.

கே: நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டே வருடத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடித்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ப: வேலை சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும். உப்புதான் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. உப்பு ஊறிய கான்கிரீட்டில், துருப்பிடிக்கும் இடம், தானே கரைந்துகொண்டு பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. அடுத்த முறை ஒட்டின் ஓரத்தில் துத்தநாக ஆனோடு என்ற சிறு துண்டை வைத்துக் கம்பியோடு கட்டச் சொல்லுங்கள். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

கே: டொரொன்டோவில் கடல் இல்லையே, எங்கள் பார்க்கிங்கில் உப்பு எப்படி வந்தது?

ப: உங்கள் கார்தான் கொண்டுவந்தது! பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, டயரோடு வந்து, நிறுத்திய இடத்தில் சொட்டுகிறது. குளிர்காலம் முடிந்ததும் தளத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். தளத்தின் மேல் நீர்புகாப் பூச்சு அவசியம்.

கே: கொத்திய கான்கிரீட்டில் ஃபினால்ப்தலீன் என்ற சோதனைத் திரவம் தெளித்தோம், ரோஜா நிறம் வந்தது. தப்பித்தோமா?

ப: கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை இருக்கிறது, அவ்வளவுதான். உப்பை அது காட்டாது. துளைபோட்டுத் தூளெடுத்து லேபுக்கு அனுப்புங்கள்.

கே: விரிசல் எங்கே இருந்தால் பயப்பட வேண்டும்?

ப: தூணைச் சுற்றி. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனில் 1965இல் கட்டிய பைப்பர்ஸ் ரோ பார்க்கிங்கின் மேல்தளம் 1997 மார்ச்சில் ஒரு நாள் அதிகாலை இடிந்தது. தூணைச் சுற்றியிருந்த கான்கிரீட் நைந்துபோய், தூண் ஸ்லாப்பைக் குத்திக்கொண்டு வந்துவிட்டது. அங்கேயும் முன்பு ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஆள் இல்லாத நேரம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படி விரிசல் கண்டால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அதன் மேலும் கீழும் கார் விடாமல் அடைத்துவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.