அப்பா காலமான பிறகு வங்கிப் புத்தகம், அடகு, லீசிங்: எதை முதலில் பார்ப்பது?

கிளிநொச்சியில் அம்மா தனிய இருக்கிறா, அப்பாவின் பெயரில் நான்கு வங்கிப் புத்தகம், இரண்டு அடகுச் சிட்டை, உழவு இயந்திர லீசிங் இருக்கு என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அடகுச் சிட்டைதான். வங்கிக் காசு காத்திருக்கும், நகை காத்திருக்காது. சிட்டையில் மீட்கும் தேதியைப் பாருங்கள். அது கார்த்திகையில் விழுந்தால் கையில் காசிராது, எல்லாம் விதைப்போடு வயலுக்குள் போயிருக்கும். அதனால் மாசி, பங்குனியில் நெல் விற்றவுடனேயே வட்டியைக் கட்டிப் புதுப்பியுங்கள். தேதி இனி அறுவடையோடு ஒத்துவரும்.

லீசிங்கில் அடுத்த தவணை கட்டமுன், கடனாளி இறந்தால் மீதியைக் கட்டும் காப்புறுதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமலே கட்டி முடிக்கினம்.

மரணச் சான்றிதழில் நாலைந்து உறுதிப்படுத்திய பிரதி பிரதேச செயலகத்தில் எடுங்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, புத்தகத்தில் ஒரு மாதிரிப் பெயர் இருந்தால் வங்கியில்தான் இழுபடும். பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காசு இவருக்கு என்று எழுதிக்கொடுத்தவர்) பெயர் கொடுத்த கணக்கு விரைவாக முடியும். கொடுக்காததில் பெருந்தொகை இருந்தால் நீதிமன்றம்வரை போகலாம். அப்பாவின் ஏரீஎம் அட்டையால் காசெடுக்க வேண்டாம், பிறகு சகோதரங்களுக்குள் கேள்வி வரும்.

2009இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்த புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள். 10 ஆண்டு அசையாத கணக்கின் காசு மத்திய வங்கிக்குப் போயிருந்தாலும், உரித்துடையவர் கணக்கிருந்த வங்கியூடாகக் கோரலாம். புத்தகம் இல்லாவிட்டாலும் அப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தோடு போய்த் தேடச் சொல்லுங்கள்.