விற்கப் போகிற வீட்டில் வாடை: கேட்டவர்களும் பதிலும்

மடிப்பாக்கம்: ஃபிளாட் எட்டு மாசமா பூட்டிக் கிடக்கு சார். கதவைத் திறந்தாலே சாக்கடை நாத்தம். தரையை உடைச்சுக் குழாயைப் பார்க்கணும்னு பிளம்பர் சொல்றார். உடைக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பாத்ரூம், பால்கனி, வாஷிங் மெஷின் மூலை என்று எல்லா இடத்திலும் தரை ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே உள்ள நஹானி ட்ராப்பில் (கழிவுநீர் இறங்கும் வழியில், தரைக்குள் பதித்த கிண்ணம் போன்ற அமைப்பு) சுமார் 2 அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். பூட்டிய வீட்டில், வெயில் காலத்தில், சில வாரங்களிலேயே வற்றிவிடும். ஒவ்வொரு ட்ராப்பிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. சிங்க், வாஷ்பேசினிலும் தண்ணீர் விட்டு, கமோடை ஒருமுறை ஃபிளஷ் செய்து, ஜன்னல்களை ஒரு நாள் திறந்து வையுங்கள்.

அதற்குப் பிறகும் அடித்தால், ஈரத்துணியால் ஜாலிகளை ஒவ்வொன்றாக அடைத்து எது என்று கண்டுபிடிக்கலாம். சிங்க்கின் நெளிகுழாய் தரைக் குழாய்க்குள் சும்மா செருகியிருக்கும். சுற்றியுள்ள இடைவெளி வழியாகக் காற்று வரும். அதற்கு ஒரு ரப்பர் காலர் போதும். கமோட் அடியில் பூசிய ஒயிட் சிமென்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதே ஆள்: தண்ணி ஊத்திட்டேன் சார். ஒரு பாத்ரூம்ல மட்டும் இன்னும் அடிக்குது.

அந்த ட்ராப்புக்குள் கழற்றி மாட்டும் கப் இருக்கிறதா? தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள். சில மாடல்களில் கப் இல்லாவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் நிற்காது.

பெசன்ட் நகர்: பெட்ரூம் அலமாரியைத் திறந்தா ஓத வாடை. பெயின்ட் அடிச்சுட்டுக் காட்டலாமா?

அடிக்காதீர்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொஞ்ச நாளில் கொப்புளித்து உரியும், அப்போது வாடையோடு சேர்த்துக் கறையும் தெரியும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேல் வீட்டு பாத்ரூம், வெளிச்சுவர் விரிசல் இரண்டையும் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். அலமாரியைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளிப் போட்டு, கதவைத் திறந்து வைத்து ஃபேன் ஓட விட்டாலே பாதி குறையும்.

கசிவை அடைத்த பிறகும் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பூசணம் பிடித்த இடத்தை, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைக்கலாம். டாய்லெட் கழுவும் ஆசிட் அதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பின்பலகை பிளைவுட் கறுத்து ஊதியிருந்தால் கழற்றி எறியுங்கள், அதில் வாடை போகாது.

இன்னொன்று: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. கசிவைப் பெயின்டால் மூடுவது பின்னால் வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வரலாம்.

சேலம்: கிச்சன்ல சிக்கு வாடை. சிம்னி ஃபில்டரை சலவை சோடாவுல ஊற வெச்சேன், கறுப்பா போயிடுச்சு.

உங்களுடையது அலுமினிய வலை; சலவை சோடா அலுமினியத்தை அரிக்கும். அதற்குப் பாத்திர சோப்பும் வெந்நீரும்தான். ஸ்டீல் தகடு ஃபில்டர் என்றால் ஒரு பக்கெட் கொதிநீரில் நான்கு பெரிய ஸ்பூன் சலவை சோடா, அரை மணி நேரம். ஆனால் வாடை பெரும்பாலும் ஃபில்டரோடு நிற்பதில்லை. பரண் மேல்புறம், எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை, டியூப்லைட் பட்டி: விரலால் தடவினால் பிசுக்கு ஒட்டும் இடமெல்லாம் வாடை.

மதுரை: பூனை மூத்திர வாடை. ஃபினாயில் ஊத்தியும் மழை நாள்ல திரும்ப வருது.

யூரிக் அமிலப் படிகங்கள் டைல்ஸ் இணைப்பில் தங்கியிருக்கின்றன. ஈரம் பட்டதும் மணக்கும். ஃபினாயில் அவற்றைக் கரைக்காது. செல்லப் பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் கேட்டு வாங்கி, இடம் நன்றாக நனைய ஊற்றி, பிளாஸ்டிக் போட்டு மூடி, இரவு முழுக்க விடுங்கள். இருட்டில் யூ.வி. டார்ச் அடித்தால் கறை மங்கலாக ஒளிரும். மெத்தையில் இறங்கியிருந்தால் மெத்தையையே தூக்கிவிடுங்கள்.

தாம்பரம்: வீடு பார்க்க வர்ற அன்னிக்கு சாம்பிராணி போடலாமா?

வேண்டாம். தூக்கலான மணம் வந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ரூம் ஸ்ப்ரேயும் அப்படித்தான். பீரோவிலுள்ள அந்துருண்டைகளை ஒரு வாரம் முன்பே எடுங்கள், முந்தின நாள் மீன் பொரிக்காதீர்கள், ஜன்னல்களை இரண்டு மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். உங்கள் மூக்குக்குப் பழகியது உங்களுக்குத் தெரியாது. அதிகம் வராத சொந்தக்காரர் ஒருவரை வாசலில் நிறுத்தி முதல் நிமிஷத்தில் என்ன வாடை என்று கேளுங்கள்.

மடிப்பாக்கம்: கப் இல்லைதான் சார். கடைல என்ன கேட்கணும்?

ட்ராப்பின் உள்வாய் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு, உள்ளே ஒரு போட்டோ எடுத்துப் போங்கள். அளவு சற்று மாறினாலும் உட்காராது.