பாக்ஸ்டரைத் தூக்குவதற்கு முன்னால், அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள்

முத்தியால்பேட்டையில் வீடு, கடலூர் சிப்காட் பக்கம் வேலை, செகண்ட் ஹேண்டில் 2008 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் என்ற தாழ்வான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வருகிறது, நம்ம ஊர் ரோட்டில் கீழே இடிக்குமா, இடித்தால் ஸ்பிரிங்கை ஒரு இன்ச் தூக்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூக்காதீர்கள். முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். கடலூரில் இருபது வருடமாக வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். தாழ்வான பழைய வண்டி என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை கம்பெனி கொடுத்த உயரத்தை வழியில் தொலைத்துவிட்டு வந்தவைதான். தொலைந்ததை மீட்டுக்கொடுத்தாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு இன்ச் சேர்ப்பது வேறு விஷயம், அது வண்டியைக் கெடுக்கும் வேலை.

ரைடு ஹைட்டும் கிரவுண்ட் கிளியரன்ஸும் ஒன்று என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், என் கடைப் பையன்களே முதல் வருடம் அப்படித்தான் நினைப்பார்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது தரையிலிருந்து வண்டியின் மிகத் தாழ்ந்த இடம் வரை. டயரில் காற்று குறைந்தால் அது குறையும், டயர் தேய்ந்தால் குறையும். ரைடு ஹைட் என்பது ஸ்பிரிங் வண்டியை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்பது. அதை அளக்கச் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடிக்க வேண்டும். டயர், காற்று எதுவும் இதில் குறுக்கே வராது. நாலு சக்கரத்துக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், இடது வலது வித்தியாசம் வந்தால் அங்கேதான் கதை இருக்கிறது. அளக்கும்போது தரை மட்டமாக இருக்கணும், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளணும், ஏனென்றால் பாக்ஸ்டரில் 64 லிட்டர் டேங்க் முன்பக்கம் இருக்கிறது, நிறைய இருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் மூக்கில் ஏழெட்டு மில்லி வித்தியாசத்தை நானே பார்த்திருக்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் இதே தலைமுறை வண்டியோடு வந்தார், அதாவது 2004 கடைசியில் வந்து 2012 வரை தயாரித்த, 987 என்று சொல்லும் மாடல். வீட்டு கேட்டில் ஏறும்போது முன்பக்கம் இடது மூலை மட்டும் உரசுகிறது, ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் போட்டுக்கொடுங்கள் என்றார். அளந்தேன். முன் இடது பக்கம் வலதை விட 14 மில்லி கீழே. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தபோது, கீழே அது உட்காரும் கிண்ணத்துக்குள்ளிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு கையோடு வந்தது. ஸ்பிரிங்கின் வால் நுனி உடைந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறது, வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு ஓரம் கறுத்துப் போன பழைய துரு, மீதி சாம்பல் நிறத்தில் புதிதாக. ரொம்ப நாளைக்கு முன்னால் பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக் காற்று இறங்கி, துரு மெல்ல உள்ளே தின்றுகொண்டே போய், ஒருநாள் ஏதோ ஒரு பள்ளத்தில் மிச்சம் டக்கென்று விட்டிருக்கிறது. கடற்கரை ஊரில் ஓடும் வண்டிக்கு மாதம் ஒருமுறையாவது அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

அதோடு விடவில்லை. அந்த வண்டிக்கு ஆறு மாதத்துக்கு முன் வேறொரு இடத்தில், சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கீழ் ஆர்ம்கள் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதும் வண்டி விரலளவு உயர்ந்து நின்றது, அவருக்கு ஒரே சந்தோஷம். உயர்ந்ததன் காரணம் வேறு. லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டார்கள். ஆர்ம் முனையில் அந்த போல்ட் போகும் புஷ் என்பது நடு இரும்புக் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டிய ரப்பர், அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அதற்கு அதுதான் இயல்பு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி, வண்டியை மேலே தள்ளிக்கொண்டே நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும், கிழிந்ததும் உயரம் போய்விடும், ஸ்டியரிங்கில் ஆட்டமும் வந்துவிடும். அவருடைய இரண்டு பக்கப் புஷ்ஷும் அப்படித்தான் கிழிந்திருந்தன. சரியான முறை, போல்ட்டைக் கையால் மட்டும் பிடித்துவிட்டு, வண்டி தன் சொந்த எடையில் தன் உயரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு. அலைன்மென்ட் பிட்டில் வைத்துச் செய்தால் சுலபம். எங்கே வேலை கொடுத்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டு முன் ஸ்பிரிங்கும் ஜோடியாகப் புதிது, மேல் மவுன்ட், புஷ், அப்புறம் அலைன்மென்ட். இடதுக்கும் வலதுக்கும் இருந்த 14 மில்லி வித்தியாசம் போனது, வலதில்கூட நாலைந்து மில்லி ஏறியது. அடுத்த வாரம் போன் செய்தார். “அண்ணே, கேட்ல சத்தமே இல்ல, வண்டி நிமிந்து நிக்குது” என்றார். பஃபர் எதுவும் போடவில்லை.

ஷாக் அப்சார்பர் மாற்றினால் வண்டி உயரும் என்றும் சொல்வார்கள். உயரத்தைப் பிடிப்பது ஸ்பிரிங், ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது. ஆனால் ஷாக் செத்துப்போனால் வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது அதிகமாக அமுங்கும், அப்போது அடியில் தட்டும். அதனால் பழைய வண்டியில் அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது ஸ்பீடு பிரேக்கருக்கு வருவோம், உங்கள் உண்மையான பயம் அதுதானே. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. பாக்ஸ்டரின் முன் பின் சக்கர இடைவெளி 2.415 மீட்டர். கணக்குப் போட்டால், அந்த வளைவின் உச்சியில் வண்டி நிற்கும்போது இரண்டு அச்சுக்கும் நடுவில் தார் மேலே எழும்பி வருவது 43 மில்லிதான். நான் அளந்த 987-க்கு, டேங்க் நிறைய, உள்ளே ஆள் இல்லாமல், வயிற்றுக்குக் கீழே 105 மில்லி இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தாலும் தாராளம். அதே 10 சென்டிமீட்டர் உயரத்தை இரண்டடி அகலத்தில் செங்குத்தாகக் கொட்டி வைத்தால், முன் சக்கரம் இறங்கிப் பின் சக்கரம் ஏறாத நேரத்தில் முழு 100 மில்லியும் வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கும், ஆள் ஏறியிருந்தால் உரசும். ஆக, தடையின் உயரத்தை விட அகலம்தான் உங்களுக்கு முக்கியம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில் என்று தினமும் போகும் வழியில் எது அகலமானது எது குறுகலானது என்று ஒருநாள் பைக்கில் நிதானமாகப் போய்ப் பார்த்துவிடுங்கள், உள்தெருக்களில் ஆளாளுக்குப் போட்டு வைத்திருப்பதுதான் பெரும்பாலும் தொல்லை.

கோணலாக ஏற்றினால் தப்பிக்கலாம் என்பது பாதி உண்மை. மூக்கு தப்பும், வயிறு அவ்வளவாகத் தப்பாது. அதை விடப் பயன் தருவது ஒன்று: பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறாதீர்கள். பிரேக் பிடித்தால் மூக்கு அமுங்கும். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் தொடும்போது காலை எடுத்துவிடுங்கள். பாக்ஸ்டரில் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் தாழ்வாக இருக்கின்றன, அங்கே இடிபடுவது வெறும் பிளாஸ்டிக் கீறல் இல்லை.

சரி, ஒரு இன்ச் தூக்கினால் என்னதான் ஆகும்? உடம்பு மேலே போகப் போக ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாயும், கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம் மாறும், டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவும் மாறும், அதில் கொஞ்சத்தை அலைன்மென்டில் சரிசெய்யலாம், எல்லாவற்றையும் முடியாது. பின் சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஜாயின்ட்கள் எப்போதும் அதிகக் கோணத்தில் சுற்றும், அவற்றை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்ற வளையம் வைத்துத் தூக்கினால் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடும், குழியில் ஸ்ட்ரட் கடைசி வரை நீண்டு அடிக்கும் சத்தம் வரும். ரப்பர் பஃபர் இன்னும் மோசம், அது இரண்டு சுற்றுகளை அசையவிடாமல் பூட்டிவிடும், அவை அமுங்க வேண்டிய அளவையும் சேர்த்து மற்ற சுற்றுகளே அமுங்க வேண்டும். துருப்பிடித்த பழைய ஸ்பிரிங்கில் அதைப் போடுவது உடைக்கவே போடுவதுதான்.

கம்பெனியே தூக்கிப் பார்த்துக் கெட்ட கதை உண்டு. 1962-ல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் கார், நல்ல ரோட்ஸ்டர், அதாவது திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் எடுத்த வண்டி. அமெரிக்காவின் பம்பர், விளக்கு உயரச் சட்டங்களுக்காக 1974-ல் கனமான ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியையும் ஒரு இன்ச் தூக்கினார்கள். திருப்பத்தில் சாய்கிறது, பழைய பிடிப்பு இல்லை என்று வாங்கியவர்கள் சொன்னார்கள், சில வருடம் கழித்து சஸ்பென்ஷனில் மாற்றம் செய்து ஓரளவுதான் சரிக்கட்டினார்கள். நீங்கள் கேட்பதும் அதே ஒரு இன்ச்தான். போர்ஷேவே 911 டகார் என்று 50 மில்லி உயர்த்தி ஒரு வண்டி விட்டதே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஸ்பிரிங், ஷாக், டயர், கன்ட்ரோல் எல்லாம் அந்த உயரத்துக்காகவே அமைத்தது, வளையம் வைத்துத் தூக்கியது இல்லை.

டயரில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அது கொஞ்சம்தான். முன்னால் 205/55 17 இஞ்சு (205 மில்லி அகலம், பக்கச் சுவர் அதில் 55 சதவீதம்) போட்டிருந்தால் 215/55 ஆக்கும்போது ஐந்தரை மில்லி ஏறும். முன்னுக்கு மட்டும் மாற்றினால் முன் பின் சக்கரச் சுற்றின் விகிதம் மாறி ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் குழம்பும், அதனால் இரண்டுக்கும் சேர்த்து யோசிக்கணும், உள்ளே உரசுகிறதா என்றும் பார்க்கணும். ஐந்து மில்லிக்கு அத்தனை வேலை தேவையா என்றால் எனக்குத் தேவையில்லை என்றே படுகிறது.

மழைக்காலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புதுச்சேரிக்காரர் என்பதால் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் எப்படி நின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு இன்ச் தூக்கியிருந்தாலும் அந்தத் தண்ணீருக்கு எந்தத் தாழ்வான வண்டியும் தாங்காது. இதற்கு முந்தைய 986 மாடலில் அலாரம், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டியே சீட்டுக்கு அடியில் இருக்கும், கார்ப்பெட் நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மழை எச்சரிக்கை வந்தால் மேட்டுத் தெருவில் நிறுத்த ஒரு இடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டு வாசல். வாய்க்கால் மேல் ஸ்லாப் போட்டு ஏற்றம் வைத்த வீடு என்றால், ஆறு அடி நீளத்துக்கு ஒரு அடிக்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். 105 மில்லி வயிறும் 2.415 மீட்டர் இடைவெளியும் உள்ள வண்டி கிட்டத்தட்ட 10 டிகிரி முனையைத்தான் தாண்டும், நான் சொன்ன சாய்வு அதை ஒட்டியே வருகிறது. அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் ஸ்பிரிங்கில் கை வைக்காமல் கொத்தனாரைக் கூப்பிட்டு முனையை மழுக்கி, சாய்வை நீட்டி விடுங்கள்.

பார்க்கப் போகும்போது டேப்பும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். புதுச்சேரி நம்பர் என்பதால் புதுச்சேரியில் ஓடிய வண்டி என்று நினைத்துவிடாதீர்கள், வரிக்காக இங்கே பதிந்துவிட்டு வெளியூரில் ஓடியவை நிறைய. எங்கே ஓடியது, எந்த கேரேஜில் நின்றது என்று கேளுங்கள். நாலு சக்கர அளவு, பெட்ரோல் முள், டயர் சைஸ், முன் டயர்களின் உள் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்பது, இவற்றைக் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள், பார்த்துவிட்டு என்ன மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்கிறேன்.