கொழும்பில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கான பேச்சுச் சிகிச்சைத் தொண்டில், அந்தப் படிப்பு இல்லாத ஒருவர் என்ன செய்ய முடியும்?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கிறார், கணக்காளர். சனிக்கிழமைகளில் நேரம் இருக்கிறதாம். பேச்சுச் சிகிச்சை படிக்காத தான் போனால் உதவியா, உபத்திரவமா என்று கேட்டிருக்கிறார்.

நான் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் ஒரு பேச்சுச் சிகிச்சையாளருக்குத் துணையாகப் போய்வருகிறேன். நானும் அந்தப் படிப்புப் படித்தவள் இல்லை. தாராளமாக வாருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பிள்ளையைப் பேசவைக்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ள வராதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் ஆச்சிக்கும் துணையாக வாருங்கள்.

சிகிச்சையாளர் ஒரு பிள்ளையோடு இருப்பது அரை மணித்தியாலம். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை கிடைத்தால் பெரிய விஷயம். மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் கடைக்குக் கூட்டிப்போகும்போதும் வீட்டார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் முன்னேற்றம். அதனால் நல்ல சிகிச்சையாளர்கள் அம்மாவுக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது. இலங்கையில் இந்தப் படிப்பு 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமாவாகத் தொடங்கிப் பிறகு பட்டப்படிப்பானது. அங்கே படித்தவர்கள் இன்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் சிகிச்சை தருகிறார்கள். ஆனால் தமிழில் சரளமாகச் செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஒரு முறை ஒரு தாயோடு கிளினிக்குப் போயிருந்தேன். அவருடைய கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் வெளியே வாங்கில் இருந்தேன். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. சிகிச்சையாளர் பொறுமையான பெண். பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்துகாட்டி, சிங்களத்தில் விளக்கினார். தாய் ஒவ்வொன்றுக்கும் "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று தலையாட்டினார். பஸ் தரிப்பிடத்துக்கு வந்த பிறகு, "மிஸ் என்ன சொன்னாங்க அக்கா?" என்று என்னைக் கேட்டார். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு அவருக்குச் சிங்களம் வரும். மகனின் பேச்சைப் பற்றிக் கேள்வி கேட்க அது போதாது.

இப்போது யாராவது ஒருவர் கூடவே உள்ளே போய் மொழிபெயர்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும், அந்த வாரம் செய்யவேண்டிய ஒரே ஒரு விஷயத்தைத் தமிழில் வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்புகிறோம். எழுதி அனுப்பினால் வாசிக்க நேரம் இருக்காது, சிலருக்கு வாசிக்கவும் வராது. குரல் என்றால் ஆச்சியும் பக்கத்தில் இருந்து கேட்பார்.

ஒரே ஒரு விஷயம் என்றால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மூன்று வயதுப் பையன், பேச்சு இல்லை. வேண்டியதை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். அம்மா பாவம், "பால் சொல்லு மகன், அம்மா சொல்லு" என்று நாள் முழுக்கக் கெஞ்சுவார். சிகிச்சையாளர் ஒரு சோப்புக் குமிழிப் போத்தலைக் கொடுத்தார். "ஊது" என்று சொல்லி ஊத வேண்டும். பிறகு மூடியை இறுக்கி மூடி, போத்தலைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தபடி, மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பத்துதான் பெரும்பாடு. ஐந்திலேயே வாய் துறுதுறுக்கும். நான் பக்கத்திலிருந்து விரல் மடித்துக் காட்டினேன். பையன் போத்தலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், உதட்டைக் குவித்து "ஊ" என்றான். அந்த "ஊ" போதும். உடனே "ஊது!" என்று சொல்லி ஊதிவிட வேண்டும், "சரியாச் சொல்லு" என்று திருத்தக் கூடாது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த முடுக்கு முழுக்க "ஊது"தான்.

இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. பனிமனிதன் படம் போட்ட அட்டைகளை வாங்கிவராதீர்கள். வாளி, தும்புத்தடி, தேங்காய்ப்பூ, தண்ணீர் என்று வீட்டில் இருப்பதே போதும். பிள்ளை "தண்ணி" என்றால் அம்மா "சுடு தண்ணி" என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்வார். அவ்வளவுதான்.

கொழும்பில் எனக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை பேசத் தாமதமானால், "தமிழை நிறுத்துங்கோ, ஒரே பாஷையில பேசுங்கோ" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் வருகிறதோ, அதில் பேசுவதுதான் பிள்ளைக்கு நல்லது. தெரியாத மொழியில் பேசச் சொன்னால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சலிக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், காது. எந்தப் பேச்சுத் தாமதமானாலும் முதலில் செவிப் பரிசோதனை செய்ய வேண்டும். "கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கிறானே" என்பது போதாது. சில ஒலிகள் மட்டும் கேளாத பிள்ளைகள் உண்டு. நடுக்காதில் நீர் கோத்து, ஒரு வாரம் கேட்டு மறு வாரம் கேளாமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளை பிறந்தபோது கொடுத்த வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குரிய குடும்ப நல உத்தியோகத்தரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு வழி கிடைக்கும். சிகிச்சை இலவசம், ஆனால் அன்றைய நாட்கூலி போய்விடும். ஆட்டோக் காசு, சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், காலையில் நம்பர் எடுக்க ஒரு துணை: ஒரு குடும்பம் கிளினிக்கைக் கைவிடாமல் இருப்பது இவற்றால்தான். கணக்காளரான நீங்கள் இதை இன்றைக்கே செய்யலாம்.

கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் புனிதரின் நாக்கின் ஒரு சிறு பகுதி வைக்கப்பட்டிருக்கிறது. பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகும் தாய்க்கு, எந்த மதமானாலும், அதன் அர்த்தம் பெரியது. அவர்களிடம் வேண்டுதலைக் குறைத்துப் பேசாதீர்கள். செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகட்டும், புதன்கிழமை கிளினிக்குக்கு வரட்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. "ஆட்டிசமா இருக்கும்" என்று நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள்; அது வைத்தியர் சொல்ல வேண்டியது. பிள்ளையின் வீடியோவை முகநூலில் போடாதீர்கள். பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருக்காதீர்கள். நான்கு வாரம் வந்துவிட்டு மறைந்துபோகிற உத்தேசம் என்றால் வரவே வேண்டாம். அம்மாமார் அதற்குள் உங்களை நம்பத் தொடங்கியிருப்பார்கள்.

வீடுகளுக்குப் போய்வரும்போது கண்ணும் காதும் திறந்திருக்கட்டும். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட இல்லையென்றாலோ, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையென்றாலோ, "ஆம்பிளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று விட்டுவிடாமல் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை இப்போது சொல்வதில்லை என்று எந்த அம்மாவாவது சொன்னால், எந்த வயதானாலும், அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே போன் பண்ணுங்கள்.