இந்துப்பும் அமுக்கராவும் தைராய்டு மாத்திரைக்கு மாற்றாகுமா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 60 கிலோ. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 14. ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) இயல்பைவிடக் குறைவு. ஆன்ட்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்) 600-க்கு மேல். டாக்டர் 50 மைக்ரோகிராம் தைராக்சின் எழுதியிருக்கிறார். "ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது; இந்துப்புக்கு மாறி, அமுக்கரா சூரணம் சாப்பிட்டு, முட்டைகோஸை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்கிறார்கள் உறவினர்கள். அடுத்த குழந்தைக்கும் யோசிக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: மாத்திரையை இன்றே தொடங்குங்கள். உங்களுக்கு இருப்பது ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி. 1912-ல் ஹக்காரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் சொந்த தைராய்டு சுரப்பியையே அந்நியமாக நினைத்து மெல்ல அழிக்கின்றன. ஹார்மோன் குறையக் குறைய, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டிச் சுரப்பியை முடுக்கிப் பார்க்கிறது. டி4-உம் இறங்கிவிட்டதால், அந்த முடுக்கலுக்கும் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். மாத்திரையில் இருப்பது அதே டி4 ஹார்மோன்தான். அது யாரையும் அடிமையாக்குவதில்லை. சுரப்பி தராததை ஈடுகட்டுகிறது, அவ்வளவே.

இந்துப்பு யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அயோடின் சேர்த்த உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்கும். இந்துப்பிலும் சாதாரணக் கல்லுப்பிலும் சொல்லும்படி எதுவும் இல்லை. அதற்காக அயோடின் சொட்டு மருந்து, கடற்பாசி மாத்திரை என்று எதிர்ப்பக்கம் போய்விடாதீர்கள். அளவுக்கு மீறிய அயோடின் ஹாஷிமோட்டோவைத் தூண்டிவிடும். சமையலுக்கு அயோடின் உப்பு போதும்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. கேட்க நல்லதாகத் தெரிந்தாலும், எவ்வளவு ஏற்றும் என்பதற்குக் கணக்கில்லை. மாத்திரையோடு சேரும்போது படபடப்பு வரை போகலாம். அமுக்கராவால் ஈரல் பாதித்தவர்களும் உண்டு. குழந்தைக்கு முயலும் நீங்கள் தொடவே வேண்டாம்.

முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கியை வேகவைத்துச் சாப்பிடலாம். சுரப்பிக்குத் தொல்லை தரும் சத்தை உருவாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் குடிப்பதை மட்டும் விடுங்கள். கம்பு, மரவள்ளி மூன்று வேளையும் முக்கிய உணவாக இருந்து, அயோடினும் குறைந்தால்தான் சிக்கல். வாரம் இரண்டு நாள் கம்பங்கூழ் தாராளமாகக் குடிக்கலாம்.

உணவைவிடப் பெரிய விஷயம், மாத்திரை போடும் முறை. "மாத்திரை வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலரிடம் கோளாறு இங்கேதான் இருக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபிக்கும் டிபனுக்கும் ஒரு மணி நேரம் பொறுங்கள். காபி மாத்திரை குடலில் ஏறுவதைக் குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். மாத்திரையை அதன் புட்டியிலேயே, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். அடுப்புப் பக்கத்து அலமாரி வேண்டாம்.

இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் பத்து நாளில் ரத்தம் கொடுத்துப் பயனில்லை. 6 முதல் 8 வாரம் கழித்துக் கொடுங்கள். அன்று மாத்திரை போடும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால், குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, நல்ல டாக்டரையே ஏமாற்றிவிடும். சுரப்பி முழுதாக ஓய்ந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். உங்கள் எடைக்கு அது 100-ஐ ஒட்டி வரும். பின்னால் அளவு கூடினால் நோய் முற்றிவிட்டதென்று பதற வேண்டாம். ஆன்ட்டி டி.பி.ஓ.-வைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் வீண் செலவு. அதை வைத்து யாரும் மாத்திரை அளவை மாற்றுவதில்லை.

இயற்கையாகச் செய்யக்கூடியதில் உண்மையான பயன் எதில் என்றால், குறைபாடுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதில். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் டி.பி.ஓ. நொதிக்கே இரும்பு தேவை. டி.எஸ்.எச். இறங்கிய பிறகும் சோர்வு விடாவிட்டால் இந்த நான்கில் ஒன்று காரணமாக இருக்கலாம். செலினியத்துக்கு மீனும் முட்டையும் போதும். 200 மைக்ரோகிராம் செலினியம் மாத்திரை எதிர்ப்பொருளைக் குறைக்கிறது. ஆனால் அதனால் தைராக்சினை விட முடிவதில்லை. ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டினால் முடி இன்னும் கொட்டலாம்.

கர்ப்பத்துக்கு முயலும் முன் டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வரட்டும். முதல் மூன்று மாதம் குழந்தை உங்கள் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. கர்ப்பம் உறுதியானால் வாரத்துக்கு 7-க்குப் பதில் 9 மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். பிறகு 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பாருங்கள். அப்போது தரும் இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், கால்சியத்தை இரவிலும் வைத்துக்கொண்டால் காலை மாத்திரையோடு மோதாது.